மூச்சை இழுங்கள், பேசாதீர்கள்

போன வாரம் வியாழக்கிழமை காலை எங்கள் யோகா வகுப்பில் ஒருவர் கத்தினார். அவரை வெளியேற்றுவது என்றுதான் முடிவாகியிருந்தது. ஏன் கத்தினார் என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் நடக்கும் வகுப்பு. மாஸ்டர் இளைஞர், நகரின் தென்கோடியிலிருந்து பைக்கில் வருகிறார். வகுப்பு நாகரிகம் அவருக்கு உயிர். செருப்பைக் கோணலாகக் கழற்றக் கூடாது. அடுத்தவர் பாயை மிதிக்கக் கூடாது. செல்போன் சிணுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக... பேசவே கூடாது. "மௌனம்தான் முதல் ஆசனம்" என்பார்.

இந்த விதிகளை நான் குறைசொல்லவில்லை. பிறர் அமைதியைக் கெடுக்காமல் இருப்பது நமக்கு இன்னும் கைவராத பழக்கம். கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால், கற்றுக்கொண்ட பிறகு எங்கே நிறுத்துவது?

ஜோசப் அண்ணன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். எண்ணூர் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் கிடந்து, நாலு வண்டி தள்ளி நிற்பவரோடு பேசிப் பழகிய தொண்டை. அவருக்குக் குடலிறக்கம். ரத்த அழுத்தம் இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் ஆகாமல் டிரெய்லர் கேபினில் ஏற முடியாது. ஆகவே, யோகா.

சவாசனத்தில் படுத்த மறுநொடி அவரிடமிருந்து குறட்டை கிளம்பும்.

"ஜோசப் சார், தூங்கக் கூடாது. விழிப்போட ஓய்வெடுக்கணும்."

"முயிச்சிகினே எப்டி சார் ரெஸ்ட் எடுக்கிறது? அதான் டெய்லி வண்டில பண்ணிகினு கீறனே!"

வகுப்பு சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. புதன்கிழமை கடைசி எச்சரிக்கை விடுத்தார் — இன்னொரு முறை சத்தம் எழுந்தால் ஜோசப் சார் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். எங்களோடு பயிலும் அரிசி மண்டி அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், அதை வழிமொழிந்தார்: "பொம்பளையாளுவ வார இடம்லா. ஒரு மட்டு மரியாத வேண்டாமா வே?"

ஜோசப் அண்ணன் அபூர்வமாக வாயை மூடிக்கொண்டார். பிரஷர் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் பிராணாயாமம். எல்லோரும் கண்களை மூடியிருந்தோம். வடக்கிலிருந்து காற்று வந்தது; கூடவே ஒரு நெடி. எங்களுக்கு நெடி புதிதல்ல. சில நாள் அழுகிய முட்டை, சில நாள் எரிந்த ரப்பர்... எந்த ஆலை என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். இது அப்படியில்லை. மூக்கை அறுத்தது. கண்ணில் நீர் முட்டியது.

"ஆழமா இழுங்க..." என்றார் மாஸ்டர்.

இழுத்தோம்!

"உள்ளேயே நிறுத்துங்க..."

நிறுத்தினோம்!

பக்கத்துப் பாயில் யாரோ இருமலை மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. முதலில் இருமிப் பெயரைக் கெடுத்துக்கொள்வது யார்? எங்கள் கன்னங்களில் வழிந்த நீரைப் பார்த்து மாஸ்டர் நெகிழ்ந்தே போனார். "மனசுல அடைச்சு வெச்சதெல்லாம் வெளிய வருது. வரட்டும்... தடுக்காதீங்க."

அப்போதுதான் அந்தக் குரல்.

"எந்திரிங்கபா! கேஸு! அத்தப் போயி மூச்சு இஸ்துகினு குந்தினு கீறீங்க!"

உடனே எழுந்து ஓடினோமா? இல்லை. "ச்சு..." என்றோம். பல பாய்களிலிருந்து ஒரே நேரத்தில், மிக நாகரிகமாக. அண்ணாச்சி ஒற்றைக் கண்ணைத் திறந்து உதட்டின்மேல் விரலை வைத்தார். பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் தடுத்திருந்த அந்த மனிதர், அண்ணாச்சியின் அக்குளில் கைகொடுத்து அப்படியே தூக்கி நிறுத்தினார்.

"மரியாதய அப்பால பாத்துக்லாம் அண்ணாச்சி, மொதல்ல கீய எறங்கு!"

இறங்கினோம். பாய்களை மிதித்துக்கொண்டு, கையில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு. இரண்டு பேர் வாசலில் வாந்தி எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று திசைமாறியது. அவ்வளவுதான். எங்கள் பகுதியில் இதற்குப் பெயர் சம்பவம்கூட இல்லை.

மாலையில் வாட்ஸ்அப் குழுவில் மாஸ்டரின் செய்தி வந்தது. இனி இத்தகைய நேரங்களில் பதற்றத்தைத் தூண்டாமல், கையை உயர்த்தி மென்மையாகத் தெரிவிக்க வேண்டுமாம். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும் வகுப்பில் உயர்த்திய கையை யார் பார்ப்பது? யாரும் கேட்கவில்லை. பதில்கள் கும்பிடும் கை எமோஜிகளாக வந்து குவிந்தன. செய்தியின் கடைசி வரி: எச்சரிக்கை எச்சரிக்கைதான், ஜோசப் சார் இனி வர வேண்டாம்.

அண்ணாச்சியிடமிருந்து உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அந்தாளு வரலன்னா நானும் வரமாட்டேன், பாத்துக்கிடுங்க." மாஸ்டர் இறங்கிவந்தார்.

நெடி எந்த ஆலையிலிருந்து வந்தது, எல்லோரும் சேர்ந்து எங்கே புகார் கொடுக்கலாம் என்று நான் குழுவில் எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது: "இங்கே யோகா தவிர வேறு விஷயங்கள் வேண்டாமே, ப்ளீஸ்."

எவ்வளவு பண்பான வாக்கியம்! நம்மை மூச்சுத் திணற வைப்பவர்கள் நம்மிடம் விரும்புவதும் இதே பண்பைத்தான். பாயை மிதிக்காத பிள்ளைகளாக நாம் இருக்கும்வரை அவர்களுக்கு என்ன கவலை?

திங்கட்கிழமை ஜோசப் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். பிரஷர் இறங்கிவிட்டது, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். சில வாரங்கள் வர முடியாது.

"நான் இல்லாதப்ப கேஸ் வந்தா யாரு கத்துவீங்க? எங்க, ஒரு தபா கத்துங்க பாப்பம்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கும் வாய் திறந்ததே தவிர, குரல் எழவில்லை. கடைசியில் அண்ணாச்சி தொண்டையைச் செருமி, கையை உயர்த்தி, மென்மையாகச் சொன்னார்: "எக்ஸ்கியூஸ் மீ..."

ஜோசப் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கெட்டுது போ! நான் ஆபரேஷன தள்ளி வெச்சிக்கிறேன்."