பின்னால் நின்று மாட்டியது

என் மனைவியின் அண்ணனுக்கு ‘டவர்’ என்று பட்டப்பெயர். உயரத்தால் வந்ததல்ல, ஆள் என் தோளுக்குத்தான் வருவார். செல்போன் கோபுரத்தில் ஏறி ஆண்டெனா மாட்டுவது அவர் வேலை. வரைபடத்தை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். மறுமுறை பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

எங்கள் பகுதிக் கோபுரத்தில் புதுவகை ஆண்டெனாவை அவர்தான் மாட்டினார். ஒரே பலகையில் வரிசையாகப் பல ஆண்டெனாக்கள். யார் பேசினாலும் அந்த ஆள் பக்கம் அது தன் அலையைத் தானே திருப்பும். போன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஆண்டெனாவை அலை ஒரு இம்மி முன்னதாகத் தொடும். அதை வைத்துத் திசையையும் கணக்குப் போட்டுவிடும். இதைச் சொல்லிச் சொல்லியே மச்சான் எங்கள் காதில் ரத்தம் வரவைத்தார். மாமனார் மட்டும் சலிக்காமல் கேட்பார்.

மாமனாருக்கு மறதி நோய். ஒரு மதியம் கதவு திறந்துகிடந்தது, ஆளைக் காணோம். அவர் போனுக்கு அடித்தால் மணி போனது; எடுக்கவில்லை. மச்சான் மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கோபுரத்தடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

“குவாரிப் பக்கம் காட்டுது மாப்பிள்ளை. ஓடுங்க.”

ஓடினேன். ஒவ்வொரு பள்ளமாக எட்டிப் பார்த்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மழை வேறு பிடித்துக்கொண்டது. மச்சானைக் கூப்பிட்டேன்.

“இங்க யாரும் இல்ல மச்சான்.”

“நீங்க எங்க நிக்கிறீங்க?”

“குவாரியிலதான்.”

“உங்க போன் எதிர்ப்பக்கம், ஏரிப் பக்கம்னு காட்டுதே.”

அவர் மேசையில் ஓங்கி அடித்தது கேட்டது.

“படத்துல முன்னால நின்னு பாத்து இடது வலது போட்டிருப்பாங்க. நான் பின்னால நின்னு மாட்டினேன். வயரெல்லாம் இடம் வலம் மாறிடுச்சு. அப்பா ஏரிப் பக்கம் இருக்கார் மாப்பிள்ளை.”

பேசுவதில் ஒரு குறையும் வராததால் இத்தனை மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஆண்டெனா தன்னைத்தானே சரிக்கட்டிக்கொண்டது. திசை கேட்டால் மட்டும் இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் என்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திட்ட நேரமில்லை.

மாமனார் ஏரிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். முகம் கோபுரத்தைப் பார்த்திருந்தது. உடம்பு வெடவெடவென நடுங்கியது. சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“ஏன் மாமா, கரைக்கு வரக் கூடாதா?”

“பையன் மேலேர்ந்து பாத்துட்டிருக்கான். நான் நகந்தா அவனுக்குக் கணக்கு தப்பிரும்.”

ஆஸ்பத்திரியில், பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மச்சான் என் அருகில் வந்தார்.

“அப்பா ஏதாவது சொன்னாரா?”

வழியெல்லாம் அவருக்கென்று வசவுகளைச் சேர்த்துவைத்திருந்தேன்.

“குளிருதுன்னார்,” என்றேன்.