வண்டி வலது பக்கம் இழுக்கிறது

ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்திய காருக்குள்ளிருந்து என் மாமியார் கீழே எட்டிப் பார்த்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். பக்கத்தில் என் மாமனார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்துப் பயணம் கிளம்பியவர்களைப் போல இருவரும் சீட் பெல்ட் வேறு போட்டிருந்தார்கள். "ஏங்க, இறக்கச் சொல்லுங்களேன்" என்று அத்தை கெஞ்ச, "செத்த நேரம் பேசாம இரு. ஆடுனா அளவு மாறிப்போகும்" என்று மாமா அதட்டினார். ராஜபாளையத்தில் மதுரை சாலையோரம் இருந்த அந்த வீல் அலைன்மென்ட் கடைக்கு முன்னால், பேருந்துக்கு நின்றவர்கள்கூட வந்து கூடிவிட்டார்கள்.

மாமா பேண்டேஜ் துணி நெய்யும் சிறிய தறிக்கூடம் வைத்திருந்தவர். சந்தேகம் அவருக்குக் கூடப் பிறந்தது. பெட்ரோல் போடும்போது இறங்கி நின்று மீட்டரை முறைப்பார். ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அத்தைக்குக் கொடுப்பார். பெண் கொடுக்கும் முன் என்னைப் பற்றி என் அலுவலகத்தில் விசாரித்தது போதாதென்று, நான் டீ குடிக்கும் கடையிலும் விசாரித்திருந்தார். நானும் அவருக்குச் சளைத்தவனில்லை. மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர் நான். அடிபட்ட வண்டியைப் பார்த்து, அதன் சொந்தக்காரர் சொல்வது மெய்யா பொய்யா என்று எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒருவரையொருவர் முழுதாக நம்பாமலேயே நாங்கள் நன்றாகத்தான் பழகினோம்.

அத்தைக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வெள்ளிக்கிழமைதோறும் மாமா அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போவார். கோயிலுக்குப் போய்விட்டு, அத்தையின் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அத்தைக்குத் தீராத இடுப்பு வலி. அந்தச் சமயம் பார்த்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியது. மாமா ஸ்டியரிங்கை வெட்டி வெட்டி நேராக்க, ஒவ்வொரு வெட்டுக்கும் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டார். அதனால்தான் அலைன்மென்ட் பார்க்கப் போனோம். கடைக்காரர், எல்லோரும் இறங்குங்கள், காலி வண்டியில்தான் சக்கரத்துக்கு அளவு வைப்பது வழக்கம் என்றார். மாமாவுக்கு அது பிடிபடவில்லை. "காலித் தறியப் பாத்து என்னத்தத் தெரியும் தம்பி? பாவு ஏத்தி ஓட்டுனாத்தான இழுவை தெரியும்? நான் என்னைக்கு ஒத்தையாப் போனேன்? வீட்டுக்காரியோடதான போறேன். அவ உக்காந்திருக்கும்போதே அளவு வையி" என்று பிடிவாதமாக நின்று, இருவருமாக ஏறிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஸ்டியரிங்கை ஒரு தடவைகூட வெட்டவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. அத்தை மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். வருஷம் திரும்புவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியம்மாவிடமிருந்து என் மனைவிக்கு ஒரு போன் வந்தது. அத்தையின் அக்காவுக்குப் போனில் ரகசியம் பேசத் தெரியாது. பக்கத்து அறையிலிருந்த எனக்கே எல்லாம் கேட்டது. "ஏட்டி, உங்கப்பன் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இங்கதான் வாரான். எம் வீட்டுப் பக்கம் தல காட்டுறதில்ல. கார்ல முன் சீட்டுல வெள்ளச் சீல கட்டுன ஒருத்தி இருக்கா. அவளும் புருசன் இல்லாதவளா இருக்கும். என்னையக் கண்டதும் குனிஞ்சுக்கிட்டா!"

சந்தேகம் புகுந்த பிறகு எதைப் பார்த்தாலும் சாட்சியாகத்தான் தெரிகிறது. வெள்ளிக்கிழமைகளில் மாமா போனை எடுப்பதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. போன மாதம் என் மனைவி, என்னையும் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள் என்று கேட்டதற்கு, "வண்டியில எடம் இல்லம்மா" என்று சொல்லியிருந்தார். தனி ஆள் ஓட்டிப் போகும் காரில் எப்படி இடமில்லாமல் போகும்? அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. "அது மட்டும் நெசமா இருந்தா, அம்மா திதிக்கு அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். அதோட எனக்கு அப்பாவும் இல்ல" என்றாள். சொன்னதைச் செய்கிறவள் அவள். "இடிச்ச வண்டியையெல்லாம் மோந்து பாத்து எழுதுவீங்கல்ல? இதையும் போய்ப் பாத்துட்டு வாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெல்மெட்டைக் கழற்றாமல், பைக்கில் அவர் காரைத் தொடர்ந்தேன். ஒரு லாரியின் பின்னால் ஒளிந்து ஒளிந்து போவது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் முன் சீட்டில் வெள்ளையாக ஏதோ இருந்தது உண்மை. அதன் குறுக்கே பெல்ட் மாராப்புப் போல ஓடியது. பெரியம்மா பொய் சொல்லவில்லை. திருமுக்குளத்துப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் கார் நின்றது. நான் பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு, பின்பக்கமாக நடந்து நெருங்கினேன். அந்த அம்மாளுக்குத் தலையே இல்லை.

அது பேண்டேஜ் துணிப் பொதி. அவருடைய தறிக்கூடத்தில் ஏற்றுமதிக்குக் கட்டுவதைப் போல வெள்ளைத் துணி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. பிரேக் பிடித்த வேகத்தில் லேசாக முன்னால் குனிந்திருந்தது. மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திடுக்கிடக்கூட இல்லை. "யாரு அனுப்புனா? எம் மகளா, இல்ல அந்தப் பெரியவளா?" என்று கேட்டார். நான் பொதியைப் பார்த்தேன். அவரே சொன்னார். "அவ உக்காந்திருக்கத்தான அளவு வச்சது மாப்ள. அவ போன பொறவு வண்டி வலது பக்கமா இழுக்குது. அதான் அம்புட்டு கனத்துக்கு ஒண்ணக் கட்டி வச்சிருக்கேன்."

"கடையில குடுத்தா செத்த நேரத்துல மாத்தித் தருவான் மாமா."

"அவனா? நல்லா வச்ச அளவக் கெடுத்துப்புடுவான்."

எனக்கு இது சரியாகப் படவில்லை. ஓர் ஆள் ஏறி இறங்குவதால் ஒரு காரின் போக்கு அப்படியொன்றும் மாறிவிடாது. வேறு எதையோ மறைக்கிறார் என்றுதான் என் தொழில்புத்தி சொன்னது. "பொதிய இறக்குங்க, நான் ஓட்டிப் பாக்கேன்" என்றேன். அவர் முகம் சுண்டியது. ஆனாலும் இறங்கி வந்து, பெல்ட்டைத் தாமே கழற்றி, பொதி சுமந்து பழகிய தோளில் அதை ஏற்றிக்கொண்டு போய்க் குளத்துப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஏறினால் சோதனை கெட்டுவிடும் என்பதால் நான் மட்டும் வண்டியை எடுத்தேன்.

ஊருக்கு வெளியே நல்ல சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. திரும்பி வரும்போதும் ஒரு முறை பார்த்தேன். துளியும் இழுக்கவில்லை. பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட மிடுக்கோடு ஏசியைப் போட்டேன். காற்று என் பக்கம் மட்டும்தான் வந்தது. இடது பக்கத்து ஏசி வாய் மூடியிருந்தது. அத்தைக்கு ஏசி காற்று முகத்தில் பட்டால் ஆகாது. வண்டியில் ஏறியதும் மாமா முதலில் செய்வது அதை மூடுவதுதான். அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

குளத்துப் படியில் பொதி சாய்ந்துவிடாமல் ஒரு கையை அதன்மேல் வைத்தபடி மாமா உட்கார்ந்திருந்தார். நான் அறிக்கை எழுதும்போது வண்டிக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இழுக்குதா?"

"இழுக்குது மாமா. வலது பக்கமாத்தான்."

"நான் சொன்னேன்ல" என்று பொதியைத் தூக்கினார். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன்.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டி நெசமாவே இழுக்குதா?" என்றாள். இல்லை என்றேன். வெகுநேரம் அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போய், பொதியைப் பின் சீட்டில் தள்ளிவிட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மாமா அவளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாராம். ஊர் எல்லை தாண்டியதும், "லேசா இழுக்கத்தான் செய்யிது. உங்கம்மா அளவுக்கு நீ கனமில்ல" என்றாராம். அத்தையின் முதல் வருஷத் திதி அந்த வீட்டில்தான் நடந்தது. பெரியம்மாதான் முன்னின்று சமைத்தார்.

இப்போது மாமாவும் இல்லை. கார் எங்களிடம் இருக்கிறது. போன மாதம் டயர் மாற்றியபோது அதே அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனோம். மெஷின் புதிது, கடைக்காரருக்கு மட்டும் தலை நரைத்திருக்கிறது. காரை மேலே ஏற்றி நிறுத்தியதும், "காலி வண்டியாத்தான சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி இடது பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். "ஒரு ஆள் இருந்தா பெருசா ஒண்ணும் மாறாது சார். அன்னைக்கே அண்ணாச்சிகிட்ட இதச் சொன்னேன். 'தெரியும், நீ தூக்கு'ன்னாரு."

மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் குளத்தங்கரையில் நான் சொன்ன பொய்யும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எனக்கும் தெரியும். தூக்குங்க" என்று சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். வண்டி மேலே போகப் போக, என் மனைவி ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இறக்கச் சொல்லுங்களேன்" என்றாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.