காதுகுத்து டிஸ்க்

இந்தத் தீவில், லம்பா லைன் பகுதியிலுள்ள என் வீட்டுக்கு வருகிறவர்களே குறைவு. கேஸ் சிலிண்டர்காரர், மீட்டர் பார்க்கிறவர், அவ்வளவுதான். அவர்களும் மேசைமேல் பிரித்துப் போட்டிருக்கும் பழைய வி.சி.டி. பிளேயர்களைப் பார்த்து, இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். பொழுதுபோக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையில் ஒரே ஒரு பிளேயருக்காகத்தான் மற்றதையெல்லாம் சேர்த்தேன்.

அது எங்கள் வீட்டு பிளேயர். மகள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது மனைவியும் அவளோடு மெயின்லேண்டுக்குக் கப்பலேறினாள். "பாப்பா படிப்பு முடியட்டும், வந்துடறேன்" என்று கப்பல்துறை ஜெட்டியில் நின்று சொன்னாள். இந்தத் தீவில் வாய்ச்சொல்லை யாரும் நம்புவதில்லை. விட்டுப்போகும் சாமானை வைத்துத்தான் ஒருவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று முடிவுகட்டுவோம். ஒரேயடியாகப் போகிறவர்கள் கிரைண்டரை விற்றுவிடுவார்கள், சாமி படத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். என் மனைவி சாமி படத்தை எடுத்துக்கொண்டாள்தான். ஆனால் மகளின் காதுகுத்து வீடியோ டிஸ்க்கை அலமாரியிலேயே விட்டுவிட்டாள். அதை விட்டுவிட்டு எந்தத் தாயாவது ஒரேயடியாகப் போவாளா? பக்கத்து வீட்டில் யாராவது ஒரு மாதிரியாக விசாரித்தால், அந்த டிஸ்க்கை நினைத்துத்தான் தைரியமாகப் பதில் சொல்வேன்.

படிப்பு முடிந்தது. மகளுக்குச் சென்னையிலேயே வேலையும் கிடைத்தது. மனைவி வரவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. போனில் "சாப்பிட்டீங்களா" என்பாள், "ஆச்சு" என்பேன், அதோடு சரி.

போன மழைக்காலத்தில் மகள் லீவில் வருவதாகச் சொன்னாள். அவளுக்கு அந்த டிஸ்க்கைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்வாள், அம்மாவுக்கும் இங்கே வர மனசு வரும். என் கணக்கு அதுதான்.

பிளேயரைத் திறந்தேன். பூஞ்சைக்குப் பயந்து இங்கே எல்லோரும் அலமாரிக்குள் குண்டு பல்பை எரியவிடுவோம். நானும் வருடக்கணக்கில் எரியவிட்டிருந்தேன். பூஞ்சை வரவில்லை. ஆனால் பல்பை ஒட்டியிருந்த பிளேயரின் ரப்பர் பெல்ட் சூட்டில் இளகிக் கறுப்புப் பசையாகிக் கிடந்தது. டிஸ்க் மேல்தட்டில் இருந்ததால் தப்பித்தது.

அபர்டீன் பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

"கபாடிக்காரனுக்கு எடைக்குப் போடுற மாலுக்கா இவ்ளோ மெனக்கெடுறீங்க அண்ணே? மெயின்லேண்டுலயே யாரும் வச்சுக்கலையே" என்றார். இருந்தாலும் கோடவுனில் செத்துக் கிடந்த பிளேயர்களைத் தேடித் தந்தார்.

ஒன்றிலிருந்து பெல்ட், இன்னொன்றிலிருந்து மோட்டார். லென்ஸை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். டிஸ்க் சுற்றும், நிற்கும், பிளேயரோ டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும். கோபம் வந்தால் ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டு ரோட்டில் நடந்துவிட்டு வருவேன். கத்தலாம் என்றால் கேட்க வீட்டில் ஆள் வேண்டுமே. மகள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருவழியாகப் படம் வந்தது.

வந்த அன்று சாயங்காலமே அவளை உட்காரவைத்து டிஸ்க்கைப் போட்டேன். மாமன் மடியில் அவள் வீறிட்டு அழுகிறாள். மனைவி பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் டி.வி.யைவிட மகள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதுக்காகவா இவ்ளோ கஷ்டப்பட்டீங்க? சொல்லியிருந்தா போன்லயே அனுப்பியிருப்பேனேப்பா."

"உன்கிட்ட ஏதும்மா இது?"

"அம்மாகிட்ட இருக்கே. அடிக்கடி போட்டுப் பாப்பாங்க. நாங்க கப்பலேறுறதுக்கு முந்தின வாரம் பஜார்ல ஒரு ஸ்டுடியோவுல கொடுத்து மெமரி கார்டுல ஏத்திக்கிட்டாங்க. நானும்தான் கூடப் போனேன்."

"அப்படியா" என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? படம் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "வந்துடறேன்" என்று மனைவி ஜெட்டியில் சொன்னபோதே அந்தக் கார்டு அவள் கைப்பையில் இருந்திருக்கிறது.