மங்கரேயில் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிய ஞாயிறு

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு பிளாட் புஷ்ஷிலிருந்து புறப்பட்டோம். ஆக்லாந்து நகரின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் புதுக் குடியிருப்பு அது. வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். நான் இரண்டு முறை அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன். என் தங்கை செல்வி அங்கே மகளோடும் மாப்பிள்ளையோடும் வசிக்கிறாள். அவள் மகள் கயலுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்புக்குத் தாய்மாமன் வந்தே ஆக வேண்டும் என்று விமான டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார்கள். துறையூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நான் அப்படித்தான் நியூசிலாந்து வந்து சேர்ந்தேன். வளைகாப்பு புதன்கிழமையே முடிந்துவிட்டது. சனிக்கிழமை மாப்பிள்ளையின் ஆட்டம்.

மாப்பிள்ளை பெயர் மோசே. ஆக்லாந்தில் பிறந்த சமோவாக்காரர். சமோவா நாட்டு அணிக்காக ரக்பி ஆடுகிறார். அன்று டொங்கா நாட்டோடு போட்டி. அடுத்து ஐரோப்பாவுக்குப் போகும் அணியைச் செவ்வாய்க்கிழமை அறிவிப்பார்கள் என்றும், அதில் பெயர் வந்தால்தான் அடுத்த இரண்டு வருடங்களுக்கு ஒப்பந்தம் கிடைக்கும் என்றும் கயல் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னாள். சொல்லும்போது ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

மனுக்காவ் ரயில் நிலையம் வரை ஆறு கிலோமீட்டர் காரில். அங்கே காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறி, வழியில் ஒரு முறை மாறி, பென்ரோஸில் இறங்கினோம். அங்கிருந்து மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்துக்குக் கால்மணி நேர நடை. ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். மழை வருவதும் நிற்பதுமாக இருந்தது. தெரு முழுக்க நீலச் சட்டைக்காரர்களும் சிவப்புச் சட்டைக்காரர்களும் கொடிகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் டிக்கெட்டில் நாற்பத்தைந்து டாலர் என்று போட்டிருந்தது. குடும்பத்தாருக்கு அணியே கொடுத்துவிடுமாம். வாசலில் ஒரு காப்பி ஆறு டாலர். நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்கு மேல் என்று நினைத்ததும் எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. எனக்குக் கபடி தெரியும். ரக்பி தெரியாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. அதைத் தடுக்க வருகிறவன் ஓடுபவனின் இடுப்பையோ காலையோ கட்டி வீழ்த்த வேண்டும். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. பந்து எங்கே இருக்கிறது, விசில் எதற்கு அடிக்கிறார்கள் என்பதெல்லாம் பிடிபடவில்லை. முப்பது பேரில் நான் அறிந்தவர் ஒருவர்தான். ஆறாம் எண் போட்ட நீலச் சட்டை. ஆட்டம் முழுக்க அந்த ஆறாம் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கிடந்த ஒரு குவியலிலிருந்து பந்து வெளியேறி மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனது. கூட்டம் மொத்தமும் எழுந்து அந்தப் பக்கம் திரும்பியது. குவியலில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். மாப்பிள்ளை எழவில்லை. கீழே கிடந்த அவர் தலையில் யாருடைய முழங்காலோ பட்டதை நான் பார்த்திருந்தேன். மெல்ல எழுந்தார். பிறகு ஆட்டம் நின்றபோது தண்ணீர் புட்டி கொடுத்தார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். குடிக்கவில்லை. மற்றவர்கள் வரிசையாக நின்றபோது இவர் மட்டும் எதிரணிக்கு முதுகைக் காட்டி, தம் அணியின் கோட்டைப் பார்த்து நின்றார். ஒரு கூட்டாளி தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

கடைசி நேரத்தில் ஒரு டொங்காக்காரன் இவரைத் தாண்டி ஓடினான். மாப்பிள்ளை கை நீட்டியது அவன் போன பிறகுதான். 23க்கு 20 என்று சமோவா தோற்றது.

திரும்பும் ரயிலில் நிற்கவே இடமில்லை. கயலுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். ஈரச் சட்டைகளின் வாடை. பெட்டி முழுக்க ஒரே விவாதம். எனக்கு ஆங்கிலம் ஓடாது. ஆனால் ‘சிக்ஸ்’ என்ற சொல் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து விழுந்தது. ஒருவன் எழுந்து நின்று, தாண்டி ஓடுபவனைத் தடவிக் கொடுப்பதுபோல் நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். கயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர், நான் செல்வியோடு பேசியதைக் கேட்டுத் தமிழில் பேச்சுக் கொடுத்தார். மலேசியாக்காரர், மின்சார வேலை செய்கிறவர்.

“என்ன அண்ணே, முதல் தடவையா கேம் பாக்குறீங்க? இன்னிக்குப் பாத்திருக்கக் கூடாதுலா. அந்த ஆறாம் நம்பர் தூங்கிட்டான்.”

நான் தலையை ஆட்டினேன்.

“பெஞ்சுல சின்னப் பையன் ஒருத்தன் இருக்கான். சிங்கக் குட்டி. அவன எறக்காம இவனயே கடைசி வரைக்கும் வெச்சிருந்தான் கோச். செவ்வாக்கெழம பாருங்க, இவன் பேர் இருக்காது. இருந்தா நான் மொட்டை அடிச்சிக்கிறேன்.”

அந்த ஆறாம் நம்பர் எங்கள் மாப்பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதியவர்களிடம் பேச எப்போதுமே வராது. அதைவிட, அடிபட்டதை இவர் பார்த்தாரா என்று கேட்கத்தான் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் இறங்கும்போது என் தோளில் தட்டி, அடுத்த ஆட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சமையலறையில் செல்வியிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை அணியினரோடு தங்கியிருந்தார், மறுநாள்தான் வருவார். கயல் அடுத்த அறையில் படுத்திருந்தாள். செல்வி அடுப்பைக் குறைத்தாள்.

“அண்ணே, நீ எதுவும் சொல்லிடாத. நாம பொண்ணு வீட்டுக்காரங்க. தோத்துட்டு வந்த மாப்பிள்ளய, நீ சரியா நிக்கலன்னு சொன்னா குத்திக் காட்டுற மாதிரி இருக்கும்.”

“குத்திக் காட்டலம்மா. அடிபட்டுருக்குன்னு சொல்றேன்.”

“அவங்க டீம்ல டாக்டர் இருக்காங்க. புள்ளத்தாச்சிப் பொண்ண வேற பயமுறுத்தாத.”

அவள் சொன்னது நம் வழக்கம்தான். மாப்பிள்ளையிடம் குறை சொல்வதானால் நேரே சொல்லாமல், பெண் மூலமாக, நாள் பார்த்துச் சொல்வோம். சரி என்றுவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. புட்டியைப் பார்த்து நின்ற அந்த முகமே கண்ணுக்குள் இருந்தது.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு மங்கரேயில் மோசேயின் பெரியப்பா வீட்டில் விருந்து. பிளாட் புஷ்ஷிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் இருக்கும். விமானங்கள் கூரையைத் தொடுவதுபோல் தாழ்ந்து இறங்கும் பகுதி. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோரும் வெள்ளை உடையிலேயே வந்திருந்தார்கள். கொல்லையில் நெருப்பில் காய்ந்த கற்களின் மேல் வைத்து இலைகளால் மூடி வேகவைத்த பன்றிக்கறியும், சேப்பங்கிழங்கும், சேப்பங்கீரையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய பொட்டலங்களும் மேசையில் இருந்தன. எங்கள் பங்குக்குப் புளியோதரையும் மெதுவடையும். வடை முதலில் தீர்ந்தது.

சாப்பாட்டுக்கு முன் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு என்று கயல் வழியிலேயே சொல்லியிருந்தாள். ஆட்டத்துக்கு மறுநாள் ஆடியவன் அங்கே வந்து உட்கார வேண்டும். பெரியவர்கள் ஒவ்வொருவராக அவன் ஆட்டத்தின் குறைநிறைகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவன் பதில் பேசக் கூடாது. எல்லோரும் முடித்ததும் ஜெபம், சாப்பாடு. அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது.

மோசே நடுவில் பாயில் அமர்ந்திருந்தார். கண் இமைகள் கனத்திருந்தன. பெரியப்பா தோமாசி, டிரக் ஓட்டுகிறவர், இளமையில் தாமும் ஆடியவர். அவர்தான் தொடங்கினார். கயல் என் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கால் மெதுவாகிவிட்டதாம். கடைசித் தடுப்பில் கையை மட்டும் நம்பினானாம், தோள் எங்கே போனது என்றாராம். தேர்வாளராகத் தாம் இருந்தால் அந்தச் சின்னப் பையனைத்தான் எடுத்திருப்பாராம். ஒரு சித்தப்பா மறுத்தார்: பழையவன் ஒருவன் வேண்டும், மோசேயை எட்டாம் எண்காரர் ஆடும் இடத்துக்கு மாற்றினால் போதும். ஓர் அத்தை பயிற்சியாளரைத் திட்டினாள். குரல்கள் ஏறின. நம் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையை இப்படிப் பேசினால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார்.

செல்வியைக் கேட்டார்கள். மாப்பிள்ளை மிகமிக நன்றாக ஆடினார், எல்லோரையும்விட நன்றாக ஆடினார் என்றாள். தோமாசி சொன்னதைக் கேட்டு வீடே சிரித்தது. உங்களைத் தேர்வாளராகப் போட்டால் எங்கள் வீட்டுப் பூனையும் அணியில் இருக்கும் என்றாராம்.

பிறகு அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை பெயர் வந்தாலும் வராவிட்டாலும், வரும் சனிக்கிழமை உள்ளூர்க் கிளப் ஆட்டத்தில் மோசே இறங்க வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே மோதிக் காட்ட வேண்டும். மோசே தலையசைத்தார்.

தோமாசி என் பக்கம் திரும்பினார். விருந்தாளிகளில் மூத்தவர் நான்தான். தூரத்திலிருந்து வந்த மாமா சொல்லாமல் ஜெபம் தொடங்காது என்றார். செல்வி என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

எழுந்து நின்றேன்.

“எனக்கு இந்த ஆட்டம் தெரியாதுங்க. பந்து எங்க போவுதுன்னே புரியல. அதனால மாப்பிள்ளய மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கயல் ஆங்கிலத்தில் சொன்னாள். சிலர் புன்னகைத்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் பாயைப் பார்த்து மிச்சத்தைச் சொன்னேன். முழங்கால் பட்டதை, தண்ணீர் புட்டியை, வேறு பக்கம் பார்த்து நின்றதை, கூட்டாளி திருப்பிவிட்டதை.

கயலின் குரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

“நேத்தே ஏன் மாமா சொல்லல?”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கயல் மூச்சை இழுத்துவிட்டு, நான் சொன்னதை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

பேசக் கூடாத மோசே பேசினார். தனக்கு ஒன்றுமில்லை, மாமாவுக்கு ஆட்டம் தெரியாது, சோர்ந்து நின்றதை வேறு ஏதோ என்று நினைத்துவிட்டார் என்றார். தோமாசி கோபப்படவில்லை. உனக்குத் தண்ணீர் கொண்டுவந்தது யார் என்று மட்டும் கேட்டார். மோசே உடனே ஒரு பெயர் சொன்னார். சித்தப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயருக்குரியவர் போன வருடமே அணியை விட்டுப் போய்விட்டாராம். வாய் தவறிவிட்டது என்றார் மோசே. யாரும் சிரிக்கவில்லை. தோமாசி அணி மருத்துவரை அழைக்கக் கைபேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

விருந்தை உண்டோம். மோசேயின் அம்மா என் தட்டில் மேலும் மேலும் வைத்துக்கொண்டே இருந்தார். அது அன்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மருத்துவர் பார்த்தார். உறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஓய்வு எடுக்க வேண்டும், சனிக்கிழமை ஆட்டம் வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். செவ்வாய்க்கிழமை அணி வந்தது. மாப்பிள்ளை பெயர் இல்லை. அந்தச் சின்னப் பையன் பெயர் இருந்தது. செய்திக்குக் கீழே ரசிகர்கள் எழுதியிருந்ததைக் கயல் படித்தாள். அணியைத் தோற்க வைத்தவனைக் கழற்றிவிட்டது சரியே என்று பலரும் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து மோசே என்னோடு பேசவில்லை. மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

“ஆட முடியும்னுதான் அவர் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு,” என்றாள் செல்வி. “நெசமாவே ஒண்ணும் இல்லாம இருந்து, நம்மளால அவர் பொழப்பு போச்சுன்னா என்னண்ணே பண்றது?”

அதே பயம்தான் எனக்கும். ஆட்டம் தெரியாதவன் பார்த்தது எவ்வளவு நிஜம்? முழங்கால்தானா, வெறும் தோளா? ஒவ்வொரு நாளும் அந்தக் காட்சி கொஞ்சம் கொஞ்சமாக என் கையிலிருந்து நழுவியது.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை என் விமானம். கயல் கார் ஓட்டினாள், செல்வி முன்னால், நானும் மோசேயும் பின்னால். இருபது நிமிடப் பயணம். விமான நிலையத்தில் உள்ளே போக நேரம் இருந்தது. வரிசையாக உட்கார்ந்தோம். துறையூரில் கபடி முடிந்தால் டீக்கடையில் நாங்களும் இப்படித்தான் அலசுவோம், ஆனால் ஆடியவன் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றி, நல்லா ஆடினடா என்று டீ வாங்கிக் கொடுப்போம். அதை நாகரிகம் என்றே இதுவரை நினைத்திருந்தேன். அவனுக்கு எங்கே வலித்தது என்று கேட்டதாக நினைவில்லை.

மோசே தண்ணீர் வாங்கப் போவதற்காக எழுந்தார். போக என் முன்னால் கடக்க வேண்டியிருந்தது. சமோவாக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் நிமிர்ந்து நடக்க மாட்டார்கள். உடம்பை நன்றாக வளைத்து, மெல்ல மன்னிப்புச் சொல்லிக் கடப்பார்கள். கோபத்திலும் அதை அவர் விடவில்லை. தலையை என் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

தாழ்த்தியவர் நின்றுவிட்டார். பக்கவாட்டில் சாய்ந்தார். அந்தப் பெரிய கை காற்றில் துழாவி என் தோளைப் பற்றியது. முழு எடையும் என் மேல் இறங்கியது. நான் இரண்டு கைகளாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன். கயல் எழுந்து ஓடி வந்தாள்.

அவரை என் இருக்கையில் உட்காரவைத்தோம். வியர்த்திருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, அந்த ஆட்டத்திலிருந்து நாளுக்கு நான்கைந்து முறை இப்படித் தலை சுற்றுகிறது என்று கயலிடம் சொன்னார். அவள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகிறோம் என்றாள். மோசே மறுக்கவில்லை.

என் விமானத்துக்கு அழைப்பு வந்தது. நான் பார்த்தது நிஜம்தான் என்று தெரிந்தபோது, பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. என்னைப் போகச் சொன்னார்கள். மோசேயின் கை இன்னும் என் தோளில் இருந்தது. அவர் எடுக்கும்வரை நின்றேன்.