மாமாவின் ஆம்ப் இருமிய கதை

என் காது கூர்மையானது என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம் இருந்ததில்லை. மாம்புரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடியே, தெருவில் வருவது மீன் லொறியா மரக்கறி லொறியா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் மாமாவின் ஆம்பில் வந்த கோளாறுச் சத்தத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் தரவில்லை என்பது வேறு விஷயம்.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். யுத்தம் முடிந்து, பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குவதற்குக் கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்திறங்கத் தொடங்கிய காலம் அது. அப்படி வந்த ஒருவன் விட்டுப்போன ஆம்பை மாமா ஒரு ஹோட்டலில் வாங்கிக்கொண்டு வந்தார். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி அது. பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரி உள்ளே கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் அவை செம்மஞ்சளாகச் சூடேறும். பிறகுதான் பெட்டி வாயைத் திறக்கும். திறந்த வாயை மூடாது என்பதுதான் பிரச்சினை. மாமா கிட்டாரைத் தொடாமல் இருந்தாலும் அது 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே இருந்தது. அது போதாதென்று இடைக்கிடையே 'கர்ர்ர்' என்றொரு சத்தமும் வந்தது.

சனிக்கிழமை பின்னேரங்களில் கிட்டார் வாசிக்க அந்த ஹோட்டல் முதலாளி ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கே வந்து கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அது சரிவராவிட்டால் மாமா கட்டாருக்குப் போக வேண்டும். வாப்பா ஏஜென்சிக்காரனிடம் மாமாவின் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டார். "இந்தக் கத்துற பெட்டிய நம்பிக்கிட்டு இரிக்காம கட்டாருக்குப் போற வழியப் பாருங்க மச்சான்" என்பது அவருடைய அன்றாடக் கதை. மாமா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியும் அந்தப் பெட்டியின் வாயை மூடியாக வேண்டும்.

உறுமலை மாமாவே பிடித்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் மண்ணில் ஏர்த் கம்பி இறக்கித்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊர் மண் வெறும் கடல் மணல். மழையில்லாத மாதங்களில் அதில் கரண்ட் இறங்காது; இறங்காத கரண்ட்தான் பெட்டிக்குள் உறுமியது. மாமா பாலாவி உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை கல்லுப்பு கொண்டுவந்தார். கம்பியைச் சுற்றிக் குழி தோண்டி, உப்பையும் கரியையும் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கருவாட்டுக்குப் போடுகிற உப்பை மண்ணுக்குப் போடுகிற பைத்தியத்தை இப்போதுதான் பார்ப்பதாக வாப்பா சொன்னார். பின்னேரம் ஆம்பைப் போட்டபோது உறுமல் நின்றிருந்தது.

'கர்ர்ர்' மட்டும் போகவில்லை. மாமா வால்வுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கிட்டார் வயரை மாற்றினார். பிறகு ஏனோ தேடுவதையே விட்டுவிட்டார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து வாசிப்பார். ஒரு பாட்டு முடிந்ததும் பெட்டி 'கர்ர், கர்ர்' என்று இரண்டு தரம் இருமும். மாமா தனக்குள் சிரித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போவார். கோளாறைக் கேட்டுச் சிரிக்கிற ஆளை நம்பிப் பயனில்லை என்று நான் முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டில், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. வந்து இருபது வருடமாகி, ஓலைக் கொட்டிலை இடித்துக் கல்வீடும் கட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் மட்டும் அது இன்னும் 'அகதி வீடு'தான். அப்படிச் சொல்கிற உம்மாதான் அவர்களுக்குக் கரண்டும் கொடுத்திருந்தார். புது வீட்டுக்கு மீட்டர் கிடைக்கும் வரைக்கும் எங்கள் வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் ஒரு வயர் போனது. அந்த வீட்டு மூத்த பெண்ணை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். மோட்டர் பூட்டிய மெஷினில் ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுப்பார்.

ஒருநாள் பின்னேரம் நான் வேலியடியில் நின்றுகொண்டிருந்தேன். மாமாவின் பாட்டு முடிந்தது. ராத்தா மெஷினை இரண்டு தரம் மிதித்தார். அதே நேரம் எங்கள் வீட்டில் பெட்டி இரண்டு தரம் இருமியது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மோட்டரின் இரைச்சல் அந்த வயர் வழியாகத் திரும்பி வந்து ஆம்புக்குள் புகுந்துகொள்கிறது. மெஷினில் துணியே இல்லை என்பதையும் நான் கண்டேன். அது எனக்கு ஒரு விஷயமாகப் படவில்லை.

ஹோட்டல் முதலாளி வருகிற அன்று காலையிலேயே அங்கே போனேன்.

"ராத்தா, நீங்க மெஷின் மிதிக்கிறதாலதான் மாமாட பெட்டி கத்துது. இனி மிதிக்க வாணாம்."

அவருடைய முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "மாமாவா செல்லிவுட்டாரு?"

மாமாவின் நன்மைக்குத்தானே சொல்கிறேன். "ஓம்" என்றேன்.

அன்று பெட்டி ஒரு பொட்டுச் சத்தம் போடவில்லை. முதலாளி மூன்று பாட்டுக் கேட்டார், தேநீர் குடித்தார், வருகிற சனிக்கிழமையே வரச்சொல்லிவிட்டுப் போனார். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வருவதாக வாப்பாவே சொன்னார். வீட்டில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் யாரும் இல்லை. மீன் குழம்பில் பெரிய துண்டை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மாமா வழக்கம்போல் வாசித்தார். பாட்டு முடிந்தது. பெட்டி இருமவில்லை. இன்னொரு பாட்டு வாசித்துவிட்டுக் காத்திருந்தார். அதற்குப் பிறகு ஆம்பின் பின்பலகையைக் கழற்றினார். வேலிக்கு மேலால் போகிற வயரை இழுத்துப் பார்த்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடாத மனிதர், இப்போது அது எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்ததால், நிறுத்தியது நான்தான் என்று பெருமையோடு சொன்னேன். எப்படி நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன்.

மாமா ஏசவில்லை. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வேலிப்பக்கம் பார்த்தார். "போய்ச் செல்லுங்க மகள். நான் அப்பிடிச் செல்லல்ல. தைக்கச் செல்லுங்க."

போய்ச் சொன்னேன். ராத்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கண் சிவந்திருந்தது. "என்னத்தத் தைக்கச் செல்றாரு உங்கட மாமா?"

நியாயமான கேள்விதான். திரும்பி வந்து மாமாவிடம் கேட்டேன். உம்மா குசினி வாசலில் வந்து நின்றார். மாமா உம்மாவின் முகத்தைப் பார்த்தார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை; முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். வேண்டாம் என்று சொல்வதானால் உம்மா சொல்லிவிடுகிற ஆள்.

"அவங்கட கலியாண உடுப்பத் தைக்கச் செல்லுங்க" என்றார் மாமா.

வேலியடியில் நின்று அதை உரத்த குரலில் சொன்னேன். முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த ராத்தாவின் உம்மா கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார். ராத்தா என்னை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டார். மரியாதை தெரியாத ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

படியேறுவதற்குள் பெட்டி தொடங்கிவிட்டது. இரண்டு தரம் அல்ல. 'கர்ர்ர்ர்' என்று மூச்சுவிடாமல் ஒரே இழுவை. என்னவோ ஏதோ என்று வாப்பா கேற்றடியிலிருந்து ஓடி வந்தார். மாமா பெட்டியின் மேல் கையை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்கள் நனைந்திருந்தன. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உம்மாவும் சிரித்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டது. முதலாளி இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் கவலை இல்லை. படியில் உட்கார்ந்து, இனி மாமா கட்டாருக்குத்தான் போகப்போகிறார் என்று சத்தம் போட்டு அழத் தொடங்கினேன்.