கழற்றக் கூடாத பென்

எங்கள் வீட்டில் இடி இடித்தால் முதலில் எழும்புகிறவர் மாமா, என் கணவரின் அப்பா. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இடது கையை நீட்டிக்கொண்டு போய் டிவி, ஃபிரிட்ஜ், ரவுட்டர், போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து கழற்றுவார். பின்னேர மழைக் காலத்தில் கண்டிப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் நடப்பதுதான் இது. மற்றவர்கள் இடி தலைக்கு மேல் வந்த பிறகு கழற்றுவார்கள், மாமாவுக்குத் தூரத்து மலையில் மடுல்கெல்லயில் இடித்தாலே போதும். அவர் பிறந்த தோட்டம் அங்கே இருப்பதால் அந்த இடி இங்கே குண்டசாலையில் அவருக்கு மட்டும் கேட்கிறது என்று என் கணவர் கிண்டலடிப்பார்.

இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில், நாள் முழுக்க ஓட வேண்டிய ஒரு கொம்பியூட்டரை வைக்க நினைத்தேன் பாருங்கள், அதற்குப் பெயர் திமிர். பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவள் என்ற திமிர்.

ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி ஒன்றைக் கண்டி டவுனில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நடத்துனர் அதற்கும் டிக்கெட் கேட்பாரோ என்று வழி நெடுகப் பயம். வீட்டில் எல்லாருடைய போனிலும் நிறைந்து வழியும் படங்களையும் வீடியோக்களையும் அதில் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் டிவியிலேயே எடுத்துப் பார்க்கலாம் என்பது என் திட்டம். பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் இடம் இருந்தது. ஒன்றில் எங்கள் பொருட்கள், மற்றதில் அவற்றின் பிரதி. ஆகவே பெட்டியை எழுப்பும் புரோகிராமை ஒரு யூ.எஸ்.பி. பென்னில் ஏற்றிப் பின்பக்கம் குத்திவிட்டேன். எழும்பும்போது பெட்டி அந்தப் பென்னை ஒரு தடவை வாசிக்கும். வாசித்ததை நினைவில் எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை எழும்பும்வரை அதைத் திரும்பியும் பார்க்காது. இந்தக் குணம்தான் பிற்பாடு என் கழுத்தை அறுத்தது.

ஹாலில் அலுமாரிக்கு மேல் அது உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு எதற்கு இரண்டாவது ஃபிரிட்ஜ் என்று என் கணவர் கேட்டார். மாமா ஒன்றும் கேட்கவில்லை, பிளக் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டார்.

அவரை அந்தப் பெட்டியின் பக்கம் சாய்த்தது ஒரு வீடியோ. மாமி இறந்து இரண்டு வருஷமாகிறது. அவர் பேசும் வீடியோ எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்த என் கணவரின் போன் உடுப்பு ஊறப்போட்ட வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. நல்லவேளை, அதற்கு முன்பே பெட்டியில் ஏற்றியிருந்தேன். வீடியோ இதுதான்: ஒரு மழை நாளில் மாமி நாடகம் பார்த்துக்கொண்டிருக்க, மாமா வழக்கம்போல டிவியைக் கழற்றிவிட்டார். மாமி போனைப் பார்த்து எங்களிடம் முறைப்பாடு செய்கிறார். "இந்த மனுசனுக்கு வேற வேல இல்ல. யாரக் கேட்டு கழட்டுனீங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா?" பின்னால் மாமாவின் குரல், இடி விழுந்தால் தெரியும் என்கிறது. அதற்கு மாமி, அவர் கழற்றாத பிளக் ஒன்றுக்கும் இந்த ஜில்லாவிலேயே இன்னும் இடி விழவில்லை என்கிறார்.

பின்னேரம் வாடகை ஓட்டம் முடிந்து வந்து ஆட்டோவை முற்றத்தில் நிறுத்திவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து மாமா அதைப் போடச் சொல்வார். முழுதாகத் திட்டு வாங்குவார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல இடி. மாமா வீடு முழுக்கக் கழற்றினார், என் பெட்டியையும் சேர்த்து. முறைப்படி நிறுத்தாமல் பிடுங்கினால் டிஸ்க் பழுதாகும் என்று எத்தனையோ தரம் சொல்லியிருந்தேன். மழை விட்டதும் எல்லாவற்றையும் அவரே திரும்பக் குத்தினார். தேத்தண்ணி வந்தது, மாமி வரவில்லை.

பிடுங்கியதால்தான் என்று நான் சொன்னேன், பிடுங்கியிருக்காவிட்டால் கரிக்கட்டையாகியிருக்கும் என்று அவர் சொன்னார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று சொல்லி என் கணவர் இருவரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டார். பெட்டியை இறக்கி டிவியோடு இணைத்துப் பார்த்தேன். எழும்புவதற்கு ஒன்றுமில்லை என்று ஒற்றை வரி வந்தது. பின்னால் பென் குத்தியபடிதான் இருந்தது. அதைப் பிடுங்கி என் லேப்டொப்பில் போட்டேன்.

உள்ளே புரோகிராம் இல்லை. பாட்டுகள் இருந்தன. காதல் பாட்டு, சோகப் பாட்டு, முருகன் பாட்டு.

"இது என்னோட பென்னாச்சே," என்றார் மாமா, சந்தோஷமாக.

பிறகு கதை வந்தது. ஆட்டோவில் பாட்டுக்குப் போட்டிருந்த அவருடைய பென் குலுங்கிக் குலுங்கிப் பழுதாகி, பாட்டு விக்கி விக்கி வரத் தொடங்கியிருந்தது. அலுமாரிக்கு மேல் ஒரு பென் சும்மா குத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். கழற்றிப் பார்த்தார், பெட்டி நிற்கவில்லை, லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆக அது தேவையில்லாத பென். இருந்தாலும் அடுத்தவர் பொருளைச் சும்மா எடுப்பது நியாயமில்லை என்று தன் விக்கல் பென்னை அந்த ஓட்டையில் குத்திவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகும், இடியில்லாத அந்த ஒரு வாரம், மாமி பின்னேரம் தவறாமல் வந்து திட்டியதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

என் பென் எங்கே என்று கேட்டேன். முற்றத்துக்கு ஓடி, ஆட்டோவிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். அதை லேப்டொப்பில் போட்டேன். மறுபடியும் பாட்டு, இந்தத் தடவை இன்னும் நிறைய. சந்தியில் போனுக்கு ரீலோட் போடும் கடையில் கொடுத்து ஏற்றியிருக்கிறார். கடைக்காரர் போட்டுப் பார்த்தாராம், அவருடைய கொம்பியூட்டருக்கு என் புரோகிராமைப் படிக்கத் தெரியாததால் பென் வெறுமையாக இருக்கிறதென்று அழித்துவிட்டு ஏற்றினாராம். கதையைச் சொல்லிக்கொண்டே வந்த மாமா, அழித்துவிட்டு என்ற இடத்தில் நின்றுபோனார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவ?" என்றார்.

என் கோபமெல்லாம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. 

"மாமி டிஸ்க்குல இருக்காங்க மாமா. பென்னுல இல்ல."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயமில்லை. டிஸ்க்குகளைப் பற்றிய குறிப்பெல்லாம் பென்னில்தான் இருந்தது. புதிதாக ஏற்றும் புரோகிராம் அந்த டிஸ்க்குகளை அடையாளம் காணுமா, கண்டாலும் முறையில்லாமல் பிடுங்கியதில் உள்ளே என்ன ஆகியிருக்கும், ஒன்றும் தெரியாது. பாட்டுகளை அழிக்கவா என்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் கடையில் நின்று தேர்ந்தெடுத்து ஏற்றிய பாட்டுகள் அவை. அழிம்மா என்றார், யோசிக்கவே இல்லை.

அதே பென்னில் புரோகிராமை மறுபடி ஏற்றிக் குத்தினேன். பெட்டி எழும்பியது. இரண்டு டிஸ்க் இருப்பதாகச் சொன்னது. அவற்றை அழித்துப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று பெரிய எழுத்தில் கேட்டது. இருக்கிறபடியே சேர்த்துக்கொள்ளும் வழி கீழே ஒரு மூலையில், கொசு மாதிரி சின்ன எழுத்தில். இந்தத் திரையை வடிவமைத்தவர் மட்டும் அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பதே வேறு. மாமா பக்கத்தில் வந்து, இரண்டில் எதில் அவ இருக்கா என்று கேட்டார். இரண்டிலும் என்றேன். ஒரு ஆளே உங்களுக்குத் தாங்காதே அப்பா என்றார் என் கணவர். யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட.

சின்ன எழுத்தை அழுத்தினேன். டிஸ்க்குகளை ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று பெட்டி இழுத்துக்கொண்டே போனது. இரண்டாவது தேத்தண்ணியும் ஆறிப்போனது. ஒருவழியாகக் கோப்புகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கல்யாணப் படங்கள், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி, என் கணவர் காரணமே இல்லாமல் எடுத்து வைத்திருக்கும் மகாவலி ஆற்று வெள்ளம், அதற்குக் கீழே அந்த மழை நாள்.

டிவியில் போட்டேன். மாமி வந்து, யாரைக் கேட்டுக் கழற்றினீர்கள் என்று கேட்டார். ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றார். மாமா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மடுல்கெல்லப் பக்கம் மெல்ல ஒரு இடி. இந்தத் தடவை எனக்கும் கேட்டது. மாமா எழும்பினார். பிளக் பக்கம் போய்க் கையை வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நின்று, டிவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கழட்டட்டுமா புள்ள?" என்றார், திரையிலிருந்த மாமியிடம்.

மாமி தன் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை மாமா அப்படியே நின்றார். பெட்டியை நான் முறைப்படி நிறுத்திச் சரி என்று சொன்ன பிறகுதான் கழற்றினார்.