இரண்டு படி அனுமதி

டேப்பக்காவுக்கு உயரத்தைக் கண்டு ஒருநாளும் பயம் வந்ததில்லை. தரையில் நிற்கச் சொன்னால்தான் எரிச்சல் வரும். ஊரார் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டிக்கொடுப்பது தொழில். அளவு டேப்பு எந்நேரமும் கழுத்தில் தொங்கும். அதனால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

தொழில் தொடங்கியபோது ஏணி ஏற வேண்டியவர் அவள் கணவர்தான். நாலு படி ஏறினால் அவருக்குத் தலை சுற்றும் என்கிற விஷயம் முதல் வாடிக்கையாளரின் வீட்டில்தான் அம்பலமானது. பாதி ஏணியில் நின்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அவரைப் பிய்த்து இறக்க வீட்டுக்காரரும் கைகொடுக்க வேண்டியிருந்தது. அன்றே டிரில் மெஷின் மனைவி கைக்கும், தையல் மெஷின் கணவர் காலடிக்கும் இடம் மாறின. அவர் தரையைவிட்டு எழவில்லை, அவள் தரைக்கு வரவில்லை. இவ்வளவு தூரம் விலகியிருந்ததுதான் அந்தக் குடும்பம் ஒற்றுமையாக நடந்ததற்குக் காரணம் என்று அவர்கள் மகனே சொல்வான்.

இத்தனை வருஷம் ஏணியில் வாழ்ந்தவள் விழுந்தது சமதரையில். கடைக்குள் உருண்டு கிடந்த துணிச் சுருளில் கால் இடறி, விழாமலிருக்கக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டரம்மா முறிவைப் பார்த்துவிட்டு வேறு எதையோ யோசித்தார். நின்ற உயரத்திலிருந்து விழுந்தால் வலிக்கலாம், வீங்கலாம், எலும்பு முறியக் கூடாது; முறிந்தால் விழுந்ததைக் குறை சொல்லக் கூடாது, எலும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று விளக்கி, எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேனுக்கு அனுப்பினார்.

முதுகுத்தண்டையும் இடுப்பையும் அளந்து ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். மைனஸ் இரண்டு புள்ளி எட்டு. மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனாலே எலும்புப்புரை என்றார் டாக்டரம்மா. இருக்கிற எலும்பை அளந்தால் மைனஸ் எப்படி வரும் என்று டேப்பக்கா கேட்டாள். எந்த ஜன்னலும் மைனஸ் நாலடி இருந்து அவள் பார்த்ததில்லை. வாலிப வயதில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் எலும்போடு ஒப்பிட்டு, அதிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும் எண் அது என்று பதில் வந்தது. டேப்பக்காவுக்கு அது அநியாயமாகப் பட்டது.

"சின்னப் பொண்ணோட என்னை எதுக்குங்க ஒப்பிடணும்? என் வயசுக்காரங்களோட ஒப்பிட்டுப் பாருங்க."

"உங்க வயசுக்காரங்கதாம்மா தினமும் உடைச்சுக்கிட்டு வர்றாங்க" என்றார் டாக்டரம்மா.

ஏணி கூடாது என்று தீர்ப்பாயிற்று. வாரத்துக்கு ஒரு மாத்திரை, தினமும் கால்சியம், நடை, வெயில். இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன். எண் ஏறியிருந்தால் ஏணியைப் பற்றிப் பேசலாம். பேசலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஏறலாம் என்று டேப்பக்கா எடுத்துக்கொண்டாள். மகன் அன்று மாலையே ஏணியை வேனின் கூரையில் வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டினான். சாவி எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தேடியது போலாகிவிடும் என்கிற மானம்.

அந்த வார மாத்திரை ஒரு தனி வதை. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, எதையும் சாப்பிடக் கூடாது. படுக்க அவளுக்கு எப்போதும் ஆசை இருந்ததில்லை. ஆனால் கூடாது என்று சொன்ன பிறகு, அந்த அரைமணி நேரமும் உலகத்திலேயே மிகச் சுகமான இடம் கட்டில்தான் என்று தோன்றும். கீழே விழுந்து கிடக்கும் ஊசியெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்து ஊசியையும் கணவரையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருப்பாள்.

மாத்திரையின் வதை அவளோடு போயிற்று. அவள் தரைக்கு வந்த வதை கணவருக்கு. இத்தனை காலம் தனியாகத் தைத்துக்கொண்டு, தனக்குத்தானே பாடிக்கொண்டு நிம்மதியாக இருந்த மனிதர். இப்போது பக்கத்து மெஷினில் மனைவி. அவர் மடித்த ஓரத்தை அவள் பிரிப்பாள், அவர் போட்ட பிளீட் மடிப்புகளை எண்ணுவாள், பாட்டில் சுருதி போவதைச் சொல்வாள். அவளுடைய எலும்பு கெட்டிப்பட வேண்டுமென்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தான். அவள் மறந்தாலும் பால் தம்ளர் மறக்காமல் வந்துவிடும். இவ்வளவு அக்கறையான புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்துக் கடைக்காரி வாயாரச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

ஏணி வேலை மகன் கைக்குப் போயிற்று. அவன் அதைக் கெடுத்திருந்தாலாவது டேப்பக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கெடுக்கவில்லை. திரைக் கம்பி நேராக இருந்தது, அதைத் தாங்கும் கிளாம்ப் ஆடவில்லை, சுவரில் வீண் பொத்தல் விழவில்லை. அம்மா மாதிரியே மாட்டுகிறான் என்று வாடிக்கையாளர்கள் அவளிடமே புகழ்ந்தார்கள். பெற்றவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்கள், பாவம். அவள் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் வெந்தாள். தன் இடத்தில் இன்னொருவன் நிற்பதையாவது பொறுக்கலாம்; அங்கே நின்று அவன் ஒரு தப்பும் செய்யாமலிருப்பதை எப்படிப் பொறுப்பது? இரண்டு வருஷம் போனால் எண் ஏறிவிடும், அப்புறம் யார் ஏணியில் யார் தரையில் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஒரு நாளையே நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. சொன்னபடி காலையில் கால்சியம் மாத்திரையைத் தவிர்த்தாள். கொக்கி, ஊசி, வளையல் என்று உலோகம் எதுவும் உடம்பில் இல்லை. அளவு டேப்பின் முனையிலிருக்கும் தகடு நினைவுக்கு வந்து, வாசலில் அதையும் கழற்றி மகன் கையில் கொடுத்தாள். ஸ்கேன் அறையில் கட்டிலில் படுக்கவைத்து, ஒரு பெட்டியின் மேல் காலைத் தூக்கி வைத்து முதுகை எடுத்தார்கள். பிறகு பாதத்தை உட்புறமாகத் திருப்பிப் பட்டையால் கட்டி இடுப்பை எடுத்தார்கள். அசையக் கூடாது என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். டேப்பக்கா மூச்சைக்கூட யோசித்துத்தான் விட்டாள்.

முடிந்து எழுந்ததும் எண்ணைக் கேட்டாள். டாக்டரிடம் கேளுங்கள் என்று அந்தப் பெண் நழுவப் பார்த்தாள். திரைச்சீலைக்குத் துணி தேர்ந்தெடுக்கத் திணறுகிறவர்களை டேப்பக்கா எத்தனை பேரைப் பணியவைத்திருக்கிறாள்? எண் கிடைத்துவிட்டது. மைனஸ் இரண்டு புள்ளி நாலு.

டாக்டரம்மாவின் அறைக்குள் அவள் போன நடையைப் பார்த்து, மகன் சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்: எட்டிலிருந்து நாலு, எல்லைக் கோட்டையே தாண்டி மேலே வந்தாயிற்று, ஏணி விஷயம் பேசலாமா?

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றும் டாக்டர் நல்ல செய்தி சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

போன வருஷம் பழைய மெஷின் பழுதாகி, அதை எடுத்துவிட்டு வேறு கம்பெனி மெஷின் வைத்திருக்கிறார்களாம். இரண்டும் ஒரே ஆளை அளந்தாலும் ஒரே எண்ணைத் தராது. இந்தப் புள்ளி நாலு வித்தியாசம் மாத்திரையால் ஏறியதா, மெஷின் மாறியதால் ஏறியதுபோல் தெரிகிறதா என்று சொல்வதற்கில்லை. ஏறியும் இருக்கலாம், அப்படியே இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். ஆகவே இன்றைய எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, இதே மெஷினில் இரண்டு வருஷம் கழித்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

"அதெப்படிங்க? ரெண்டும் எலும்பைத்தானே அளக்குது?"

"ரெண்டும் எலும்பைத்தாம்மா அளக்குது. ஆனா வேற வேற மெஷின். ஒண்ணுல எடுத்ததை இன்னொண்ணோட சேர்த்துப் பாக்கக் கூடாது."

டேப்பக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.  அதற்குள் பக்கத்தில் மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமலாக்கினான். வாடிக்கையாளர்கள் தாங்களே ஜன்னலை அளந்து தாளில் எழுதிக்கொண்டு வந்தால் அவள் அந்தத் தாளைத் தொடக்கூட மாட்டாள். எந்த டேப்பால் அளந்தாயோ அதே டேப்பால்தான் வெட்ட வேண்டும், உன் டேப்பு வேறு என் டேப்பு வேறு என்று பெரிய பெரிய ஆட்களையெல்லாம் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒரு நீதிபதி வீட்டம்மாள்கூட அழாத குறையாகத் திரும்பிப் போனதுண்டு. அந்தச் சட்டம் இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் வழியில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் நியாயம் துளியும் இல்லை. அதனால்தான் அது இரண்டு மடங்காக வந்தது.

மெஷினை மாற்றும்போது மனுஷரைக் கேட்டிருக்க வேண்டாமா என்றாள். இரண்டு வருஷம் வெறும் வயிற்றில் விறைத்து உட்கார்ந்திருந்ததற்கு யார் பொறுப்பு என்றாள். மாத்திரை வேலை செய்திருக்கும், வீணாகியிருக்காது, அளந்து காட்டத்தான் முடியவில்லை என்றார் டாக்டரம்மா. அளந்து காட்ட முடியாததற்குத் தன் தொழிலில் ஏமாற்று என்று பெயர் என்பது டேப்பக்காவுக்குத் தெரியும். மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டாள்.

பிறகு வேறு வழியில் வந்தாள். மெஷினே இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள்? டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழுந்தாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். போதும் என்று சொன்ன பிறகும் நின்றாள். எலும்பு முறிவதில் பாதி, எலும்பைப் பொறுத்தது. பாதி, விழுவதைப் பொறுத்தது. உங்களுக்கு அந்த இரண்டாவது பாதி நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை முறிந்த மணிக்கட்டு, எந்த மெஷின் என்ன எண் சொன்னாலும் கணக்கில் நிற்கும் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது மருத்துவமா பேரமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அவள் எட்டுப் படியில் ஆரம்பித்தாள். டாக்டரம்மா தரையில் ஆரம்பித்தார். ஒருவழியாக இரண்டு படியில் முடிந்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு: ஏறியிருக்கும் நேரம் முழுக்க ஒருவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே வந்து டேப்பை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஜெயித்தவள் மாதிரி வேனில் ஏறினாள்.

நேரே ஒரு பாட்டு டீச்சர் வீட்டு வேலைக்குப் போனார்கள். பியானோ இருந்த அறையில் ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு ஜன்னல். பாட்டு டீச்சர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். மகன் சங்கிலியைக் கழற்றி ஏணியை இறக்கி விரித்தான். டேப்பக்கா புடவையைச் செருகிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள். இரண்டாவதில் ஏறினாள். மகன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

அங்கே நின்று கையை நீட்டினாள். கம்பி மாட்ட வேண்டிய இடம் எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினாள்; அப்போதும் ஒரு சாண் மிச்சம். மேலே இருந்தால் கம்பியின் நேர் தெரியும், கீழே இருந்தால் துணியின் விழுகை தெரியும். இரண்டாம் படியில் மூக்குக்கு எதிரே ஜன்னல் கண்ணாடி மட்டும்தான். மகனோ ஏணியை விட முடியாது. விடக் கூடாதென்று நிபந்தனை. அவள் ஏறியிருக்கும்வரை அவனுக்கும் வேலை இல்லை, அவளுக்கும் வேலை இல்லை. இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கிய அனுமதியின் முழு உபயோகமும் இதுதான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. 

மகன்தான் மெல்லச் சொன்னான்.

"இன்னும் ரெண்டு படி ஏறிக்கோம்மா. கெட்டியாப் பிடிச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் வினையாயிற்று.

"ரெண்டுன்னா ரெண்டுதான். நாலு ஏறிட்டு ரெண்டுன்னு சொல்ல நான் என்ன திருட்டு அளவு வச்சா பொழைக்கிறேன்?"

"ரெண்டு வருஷமா ஏணி ஏணின்னு எங்க உசுரை வாங்கினே. இப்ப ஏறுன்னா ஏற மாட்டேங்கறே. என்னதாம்மா வேணும் உனக்கு?"

என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தால் அவனிடம் சொல்லியிருப்பாள். விழுந்தால் உன் எலும்பைக் கழற்றித் தருவாயா என்றாள். பூட்டியவனும் நீதான், ஏறச் சொல்கிறவனும் நீதானா என்றாள். சத்தம் கேட்டுப் பாட்டு டீச்சர் வந்து எட்டிப் பார்த்து, ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்று அம்மாவும் மகனும் ஒரே குரலில் சொன்னார்கள். அதைவிட ஒன்றாக அவர்கள் அன்று எதையும் செய்யவில்லை.

அவர் போனதும் டேப்பக்கா இறங்கினாள். முதலில் ஒரு படி, பிறகு தரை. மகன் டிரில்லை எடுத்துக்கொண்டு உச்சிவரை ஏறினான். இவள் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குப் பிடிக்க ஆள் வேண்டுமென்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவன் பென்சிலால் சுவரில் ஒரு புள்ளி வைத்தான். சரியான இடத்தில், எப்போதும்போல. இரண்டாவது புள்ளி வைக்கப் போனவன் கையை எடுத்துவிட்டுக் கீழே குனிந்தான்.

"ஏணியை ஆட்டாதம்மா."

"நான் ஒண்ணும் ஆட்டல" என்றாள் டேப்பக்கா, ஆட்டிக்கொண்டே.